கடற்பாசி மாலை

ஏழு கடலையும் கரைத்துக் குடித்தவனும், செத்த இன்ஜின்களுக்கு உயிர் கொடுப்பவனும், உன் அத்தைக்கு உலகிலுள்ள ஒரே எதிரியுமாகிய உன் தாய்மாமன், சித்தி வீட்டு மாடியறையில் இருக்கும் மருமகளுக்கு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். பட்டறைக் கூரை ஒழுகுகிறது. ஒழுகுகிறது என்றா சொன்னேன்? உள்ளே ஒரு அருவியே விழுகிறது, டிக்கெட் போட்டு ஆட்களைக் குளிக்க விடலாம். உன் அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை. காபி டம்ளரை என் முன்னால் வைக்கும் சத்தத்திலேயே திட்டி முடித்துவிடுகிறாள். வாங்கிக் குடிக்கிறேன். வேறென்ன செய்ய?

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிய கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “மாமா, உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்” என்றாய். அந்த ரகசியத்தை நான் சலூன் வாசல் வரைக்கும்தான் சுமந்தேன்.

நடந்ததே ஒரு கதைக்குப் போதும்தான். நீ வலைக்கட்டோடும், ஐஸ்காரர் மகன் ஐஸ் பெட்டியோடும் கலங்கரை விளக்கத்துக்குப் போன என் படகு காற்றில் சிக்கியது. நான் பழுது பார்த்த இன்ஜின் நின்றுபோனது (அதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்). மரமே இல்லாத ஒரு பாறைத் தீவில் இரண்டு பேரும் ஒதுங்கி, தேடி வந்த படகு கண்டுபிடிக்கும் வரை அங்கேயே கிடந்தீர்கள். எனக்கு அது போதவில்லை. என் கதையில் திமிங்கிலம் படகை முதுகில் சுமந்து வந்து இறக்கிவிட்டது. அவன் ஒரு சுறாவை வாலைப் பிடித்துத் துணி துவைப்பதுபோல் பாறையில் அடித்தான். சலூனே வாய் பிளந்து கிடக்கையில், முத்தாய்ப்பாக ஒன்று சொன்னேன்: கடற்பாசியில் மாலை தொடுத்து இருவரும் மாற்றிக்கொண்டீர்கள், நண்டுகள் வரிசையாக நின்று கைதட்டின.

என் பேச்சை எப்படிக் கேட்க வேண்டும் என்று இந்த ஊருக்குத் தெரியும். பத்தில் ஒன்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இந்த முறையும் ஒழுங்காகத்தான் கழித்தார்கள். திமிங்கிலத்தைக் கழித்தார்கள். சுறாவைக் கழித்தார்கள். நண்டுகளையும் கழித்தார்கள். மாலையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

“பொண்ணு தீவுலயே கல்யாணத்த முடிச்சிட்டாளாமே, எங்களுக்கு ஒரு வாய் காப்பிகூட கிடையாதா?” என்று உன் அப்பாவின் வலைக்கடையிலேயே ஒருத்தன் கேட்டிருக்கிறான். அவர் வீட்டுக்கு வந்து, உண்மையா என்று உன்னைக் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொல்லவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாய். நானோ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். நீ பேசாததே ஒப்புக்கொண்டதாகிவிட்டது. மறுநாள் உன்னைப் பஸ் ஏற்றினார்கள். ஐஸ்காரர் தன் மகனுக்குக் கப்பலில் வேலை பிடித்துவிட்டார். அடுத்த வாரம் போகிறான், இரண்டு வருஷம் கரை கிடையாது.

அவன் பட்டறைக்கு வந்தான். பெரிய ஸ்பேனரைத் தேடி எடுத்து வைத்தேன், என்னை அடிக்க அவன் கையில் கொடுப்பதற்காக. அடிக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டான். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உன் அப்பாவிடம் போய், மாலை என் சொந்தச் சரக்கு என்றேன். “மாப்ளே, இதுல எவ்ளோ கழிக்கணும்?” என்று கேட்டுவிட்டு வலையை மடிக்கப் போய்விட்டார்.

ஆகவே நேற்று, அவர் சலூனில் சவரத்துக்கு உட்கார்ந்து கழுத்தில் கத்தி ஏறும் வரை வெளியே காத்திருந்துவிட்டு உள்ளே நுழைந்தேன். அந்த நிலையில் எப்பேர்ப்பட்ட கோபக்காரரும் எழுந்து போக முடியாது. நீ சொன்னதை நீ சொன்ன அளவிலேயே சொன்னேன். மழை பெய்தபோது அவன் சட்டையைக் கழற்றி விரித்து, நனைந்ததும் நீ குடிக்கத் தகர டப்பாவில் பிழிந்தது. தார்ப்பாயை உனக்குக் கொடுத்துவிட்டுப் பறவைகளுக்கு நடுவில் படுத்து, தலையெல்லாம் எச்சத்தோடு எழுந்தது. சிப்பி கிழித்த உன் பாதத்துக்குச் சட்டைப் பையைக் கிழித்துக் கட்டியது. மிஞ்சின ஒரு பறவை முட்டையை நீ தின்னு, நீ தின்னு என்று இருவரும் தள்ளித் தள்ளி, அது பாறையில் விழுந்து உடைந்தது. “என்ன மாமா, திமிங்கிலம் எங்க?” என்றான் ஒருத்தன். “திமிங்கிலம் இல்லடா” என்றேன். அதைச் சொல்ல என் நாக்கு பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை.

உன் அப்பா கண்ணாடி வழியாகவே கேட்டார்: “அந்தத் தண்ணிய முதல்ல யாரு குடிச்சா?” “உங்க பொண்ணுதான் அத்தான். அவன் சட்டைய சப்பிக்கிட்டான்” என்றேன். மறு கன்னத்து நுரையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நின்றார், அதே பாதித் தாடியோடு. “நீ சொன்னா கழிச்சுத்தான் கேப்பேன் மாப்ளே. அவள சொல்லச் சொல்லு. அவ சொன்னா கழிக்க மாட்டேன்.” அவ்வளவுதான் சொன்னார்.

அதனால்தான் இந்தக் கடிதம். என்மேல் உள்ள கோபத்தில் அவரிடம் பேசாமல் இருந்துவிடாதே. கப்பல் கிளம்புவதற்குள் கூப்பிட்டுப் பேசு, இல்லை புறப்பட்டு வா. அவன் வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றாலும் நீயே சொல். மாலை நான் தொடுத்தது. அதில் உங்களுக்குப் பங்கில்லை.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் சலூனில் சொல்லவில்லை. அவன் அழுதபோது பார்க்காததுபோல நீ கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதையும், நீ அழுதபோது அவனும் அப்படியே திரும்பிக்கொண்டதையும். அதைச் சொன்ன பிறகு, “அப்பதான் மாமா…” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாய். அது என் வாயிலிருந்து இனி எங்கும் போகாது.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு. பாதத்துக் காயம் ஆறிவிட்டதா? நடந்தால் வலிக்கிறதா? அவன் கேட்டது இதைத்தான். “வேற எதுவும் சொல்லவேணாம் மாமா, இத மட்டும் கேளுங்க” என்றான். ஒரு சொல்கூடக் கூட்டாமல் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மாமா