மூன்றாவது முடிச்சு

டிசம்பர் 28
கல்லூரிக்கு எடுக்கும் குறும்படத்துக்கு இடம் கிடைத்துவிட்டது. குன்றின் மேல் இருக்கும் சின்ன முருகன் கோயில். மார்கழியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கிறது. பூசாரி உடனே சரி என்றார். கதை இதுதான்: பனியன் கம்பெனிப் பெண்ணுக்குப் பிடிக்காத கல்யாணம். மணப்பெண் சண்முகப்பிரியா, மாப்பிள்ளை அருள்குமார். இயக்கமும் எடிட்டிங்கும் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவளுக்கு இது தேவையா?

"நடிப்புன்னாலும் மார்கழில கயிறு கட்டாதீங்க கண்ணு," என்றாள் அம்மா.

ஜனவரி 5
படப்பிடிப்பு. கேமரா ஷாபாஸ். இரண்டு முடிச்சை அருள் போட்டான். "மூணாவது நாத்தனார் போடோணும். நீ வா தேவி," என்றாள் பிரியா. நான் எழுதியதில் அது இல்லை. போனேன், போட்டேன். ஒரு தடவை நழுவி, மறுபடி போட்டேன்.

"டைரக்டருக்கே ரீடேக் வேணும் போல," என்று ஷாபாஸ் சிரித்தான்.

பிரியா அழுதாள். கிளிசரினைத் திறக்கவே இல்லை. அவ்வளவு நன்றாக இயக்கியிருக்கிறேனா? இன்னொரு டேக் கேட்டேன். "வேண்டாங்க," என்றான் அருள். அவன் என்னை 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை.

ஜனவரி 9
எடிட்டிங். நான் கட் சொன்ன பிறகும் கேமரா ஓடியிருக்கிறது. மைக் பிரியாவின் சேலையிலேயே இருந்திருக்கிறது. ஹெட்போனில் அருளின் குரல்.

"பயமா இருக்குதா?"

"இருக்குது. இனிப் பயந்து என்ன பண்றது?"

அவள் கயிற்றைக் கண்ணில் ஒற்றி ரவிக்கைக்குள் விட்டுக்கொள்கிறாள்.

நான் எதுக்கு முடிச்சுப் போட்டேன்?

அருள் வேறு சாதி. வகுப்பில் யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

ஜனவரி 10
பிரியாவிடம் கேட்டேன். மறைக்கவில்லை. "மார்கழில கட்டுனா யாருக்கும் சந்தேகம் வராதில்ல? வேலை கிடைச்சதும் ஊட்டுல சொல்லிக்கறோம். அந்த வீடியோவைப் பத்திரமா வெச்சுக்க. எங்களுக்கு அது ஒண்ணுதான் சாட்சி."

ஜனவரி 16
ஷாபாஸ் போஸ்டரை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டான். மாலையோடு இருவரும். எடுக்கச் சொன்னேன். "படந்தானே, உனக்கு ஏன் பதறுது?" எடுப்பதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ.

ஜனவரி 18
பிரியாவின் அண்ணன் பரணி வந்தார். பல்லடத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிறார். செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தார். டீயை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"படம் நல்லா வந்திருக்குதாமா கண்ணு?"

"ஆமாங்கண்ணா."

"நடிப்புத்தானுங்களே?"

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன்.

"மார்கழில எவனாச்சும் தாலி கட்டுவானா? நடிப்புத்தான். யாரு கேட்டாலும் அதையே சொல்லுங்க." பிறகு அம்மாவிடம், "ஏனுங்கக்கா, நீங்க செக்கிங்ல இருக்கறது எங்க மாமன் பனியன் கம்பெனிதானுங்க? தங்கமான மனுசன்."

போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

ஜனவரி 21
வீட்டில் கயிற்றைப் பார்த்துவிட்டார்களாம். பிரியா அருளோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடிவிட்டாள். "நாளைக்கு வீடியோவோட வா தேவி," என்று போனில் சொன்னாள்.

ஜனவரி 22
கட் வரைக்கும்தான் போட்டுக் காட்டினேன்.

"இந்தக் கை யாருது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னுதுங்க மேடம்."

"இது கல்யாணமா, படமா?"

பிரியா என்னையே பார்த்தாள். வாசலில் பரணி. பக்கத்தில் என் அம்மா. அவர்தான் காரில் அழைத்து வந்திருக்கிறார்.

"படத்துக்கு எடுத்ததுங்க."

பொய் சொல்லலியே நான். படத்துக்குத்தானே எடுத்தோம்—

"நாங்களே பேசி முறைப்படி பண்ணி வெக்கறோமுங்க," என்றார் பிரியாவின் அப்பா. பிரியா அவர்கள் காரில் ஏறினாள். அருள் காருக்குப் பின்னாலேயே ரோடு வரை நடந்தான்.

பிப்ரவரி 3
பிரியா வரவில்லை. போன் போகவில்லை. முறைப்படி எதுவும் நடந்ததாகவும் தெரியவில்லை.

பிப்ரவரி 11
கல்லூரி வாசலில் அருளின் அம்மா. "பல்லடம் போறேன்னு கெளம்புனான் சாமி. நீ பாத்தியா?" இல்லை என்றேன். அது மட்டும் முழு உண்மை.

பிப்ரவரி 12
அம்மாவை சூப்பர்வைசராக்கிவிட்டார்கள்.

மார்ச் 7
குறும்பட விழா. சிறந்த நடிகை சண்முகப்பிரியா. வாங்கிக்கொள்ள வெள்ளை வேட்டியில் பரணி மேடையேறினார்.

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஊட்டுலயே இருக்குது," என்றார் மைக்கில். "நடிப்புல கெட்டிக்காரிங்க."

அரங்கம் சிரித்தது, கைதட்டியது. அவர் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து லேசாகத் தலையசைத்தார்.

நானும் கைதட்டினேன்.