ஒப்புதல் பெற்ற வாக்கியம்

மார்ச் 3, திங்கள்

மூன்றாவது முறையும் நிராகரித்துவிட்டார்கள். ஒரே ஒரு வாக்கியத்தை. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு இப்படி ஆனதில்லை. அங்கே இரண்டாவது முறையே கைகழுவிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். கால்நடை டாக்டரம்மாவின் கிளினிக் எண்ணுக்கு யார் மெசேஜ் அனுப்பினாலும் தானே பதில் சொல்கிற பாட் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். மெசேஜ் செயலியை நடத்தும் கம்பெனி (நான் மேலிடம் என்று அழைப்பது) ஒரு சட்டம் வைத்திருக்கிறது. வாடிக்கையாளர்களாக நமக்கு எழுதினால், இருபத்து நாலு மணி நேரம் நாம் தாராளமாகப் பேசலாம். அதன் பிறகு நாமாக வாய் திறப்பதென்றால், மேலிடம் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட வாக்கியத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

"நல்ல சட்டமா இருக்கே, வீட்டுக்கும் கொண்டு வாங்களேன்" என்றாள் வீட்டம்மா.

மார்ச் 5, புதன்

கிளினிக்கின் நோட்டைப் பார்த்துக் கணினியில் ஏற்றினேன். நானூற்றுப் பன்னிரண்டு பிராணிகள். பெயர், சொந்தக்காரரின் எண், கடைசித் தடுப்பூசி. எல்லாம் ரிசப்ஷன் மேடத்தின் கையெழுத்து. பாட் வந்ததும் மேடத்துக்கு அரை நாள் வேலைதான் என்று டாக்டரம்மா சொல்லியாகிவிட்டது. இருந்தும் எனக்கு டீ கொடுத்தார். சர்க்கரை இல்லை. மறதியாக இருக்கலாம்.

"நோட்டுல இருக்கறது பாதிதான் சார். என்னைக் கேட்டுக் கேட்டு ஏத்துங்க."

"நானூறு தடவை கேக்கணுமே மேடம்."

"கேளுங்க. இனிமே எனக்கு என்ன பெரிய வேலை?"

கேட்கவில்லை. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. பென்சிலை ஊன்றிக்கொண்டு யோசிக்கிற பழக்கம் போல.

மார்ச் 7, வெள்ளி

டாக்டரம்மாவுக்கும் எதிர் மருந்துக்கடைக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன்.

சரி, எழுதுகிறேன். அவர் தன் பூனையை மனுஷ டாக்டரிடம் காட்டினாராம். குணமும் ஆகிவிட்டதாம்.

எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட துரோகம் நடந்ததில்லை. ஒன்பது வருஷமும் மேனேஜரை இங்கேதான் காட்டினோம். மேனேஜர் எங்கள் நாய். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக் குரைத்ததால் வந்த பெயர். போன மழைக்காலத்தில் — வேண்டாம். வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. வார் மட்டும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

மார்ச் 10, திங்கள்

ஒப்புதல் வந்துவிட்டது! வாக்கியம்:

"நம்ம ______ எங்கே? ரொம்ப நாளாகக் காணோமே! தடுப்பூசிக்குக் கூட்டி வாருங்கள்."

கோடிட்ட இடத்தில் பெயர் தானாக விழும். 'நம்ம' என்பதைச் சேர்த்தது என் சொந்த யோசனை. வாக்கியம் கோடிட்ட இடத்தில் தொடங்கக் கூடாது என்பது மேலிடத்துச் சட்டம். அதோடு ஒரு பாசமும் கிடைக்கிறதே. ஐம்பத்திரண்டு வயதில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

மார்ச் 12, புதன்

காலை பத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போயிற்று. பத்தரைக்குள் முப்பது பேர் நேரம் கேட்டுவிட்டார்கள். டாக்டரம்மா என் முதுகில் தட்டினார். மாட்டைத் தட்டுகிற கை. இன்னும் வலிக்கிறது.

பதினொன்றுக்கு ஒருவர் எழுதினார்: "அவன் இருக்கும் இடத்துக்கு நீங்களே போய்க் கூட்டி வாருங்கள்."

பாட் பதில் சொன்னது: "நன்றி! காலையில் வசதியா, மாலையில் வசதியா?"

மார்ச் 13, வியாழன்

எண்ணை முடக்கிவிட்டார்கள். புகார்கள் அதிகமாம். ஏழு நாளில் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதுவும் தோற்றால் அந்த எண் செயலியில் நிரந்தரமாகக் கிடையாது. மூச்சுத் திணறுகிற நாயைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணுக்குத்தான் அனுப்புகிறார்கள். வேறு எண் அவர்களுக்குத் தெரியாது.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

மேடம் நோட்டை விரித்து என் முன்னால் வைத்தார். "இது என்னன்னு நினைச்சீங்க?"

"பென்சில் பட்ட அழுக்குன்னு..."

"போயிட்டா ஒரு புள்ளி வைப்பேன் சார். செத்துடுச்சுன்னு எழுதக் கை வராது."

அறுபத்து மூன்று புள்ளிகள். எண்ணிப் பார்த்தேன். அறுபத்து மூன்று வீட்டுக்குப் போய், நம்ம இன்னார் எங்கே, ரொம்ப நாளாகக் காணோமே என்று கேட்டிருக்கிறேன். ஆச்சரியக்குறியோடு. அடப்பாவி! நீயெல்லாம் ஒரு ஆளாடா?

மார்ச் 14, வெள்ளி

மேடம் கிளினிக் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைக்கிறார். மன்னிப்பு ஒரு நிமிஷம். மீதி நேரம் எதிர்முனை பேசுகிறது, இவர் கேட்கிறார். "ஆமா, ஒரு காது மட்டும் மடிஞ்சிருக்கும்... நல்லா ஞாபகம் இருக்கு." எல்லாமே ஞாபகம் இருக்கிறது இவருக்கு. நான் பக்கத்தில் உட்கார்ந்து டிக் அடித்தேன்.

மேல்முறையீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி: பாட்டுக்குப் புரியாதபோது பேச உங்கள் தரப்பில் மனிதர் உண்டா? எவ்வளவு நேரம்?

டாக்டரம்மா திரையை எட்டிப் பார்த்தார். மேடத்தையும் பார்த்தார். "உண்டுன்னு போடுங்க. முழு நாளும்னு போடுங்க."

டீயில் இன்று சர்க்கரை இருந்தது.

மார்ச் 15, சனி

அறுபத்திரண்டு முடிந்ததும் மேடம் நோட்டை என் பக்கம் தள்ளினார். "கடைசி ஒண்ணை நீங்களே பேசிடுங்க சார்."

மேனேஜர். பக்கத்தில் புள்ளி. வீட்டம்மாவின் எண்.

நானே தட்டச்சு செய்திருக்கிறேன். கை ஏற்றியிருக்கிறது, கண் பார்க்கவில்லை. அல்லது பார்க்காத மாதிரி போயிற்றோ?

வீட்டில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"அன்னிக்கு முதுகைத் தடவிக்கிட்டே சிரிச்சிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது?" ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "புகார் குடுத்ததுல நானும் ஒருத்தி."

நானும் உட்கார்ந்து மடித்தேன். என் மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு அவளாகவே, "கடைசி நாள் என் செருப்பு மேலதான் தலை வச்சுப் படுத்திருந்துச்சு" என்றாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை.

மார்ச் 19, புதன்

எண் திரும்பி வந்துவிட்டது. இனி மேடம் பார்த்து அனுப்பு என்றால்தான் பாட் எதையும் அனுப்பும்.

ஏப்ரல் 2, புதன்

கிளினிக் எண்ணில் எல்லா உரையாடலுக்கும் இருபத்து நாலு மணி நேரம் ஓடி முடிகிறது. ஒரே ஒன்று மட்டும் இரண்டு வாரமாக முடியவில்லை. தினமும் அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக ஒரு மெசேஜ் வருகிறது. பாட்டுக்குப் புரியாமல் மேடத்துக்குப் போகிறது. மேடம் பதில் எழுதுகிறார். எண் வீட்டம்மாவுடையது.

என்ன எழுதுகிறாள் என்று திறந்து பார்க்க எனக்கு அனுமதி உண்டு. பாட் செய்தவன் என்ற முறையில் மேலிடமே கொடுத்தது. அதற்கு நான் ஆறு வாரம் நடையாய் நடந்தேன்.

இன்று அந்த அனுமதிப் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன்.