நுனிப்புல் மேயப் பழகுதல்

மார்ச் 4, செவ்வாய்

மனைவிக்குத் தேர்வு இருபத்திரண்டாம் தேதி. தகவல்: மருத்துவமனை மேட்ரன். அறிவிப்புப் பலகையையும் இவளே போய்ப் பார்த்துவிட்டாள், ஆகவே உறுதி. தேறினால் குழந்தைகள் வார்டுக்கு இன்சார்ஜ் நர்ஸ். ஏற்கெனவே இரண்டு முறை ஆங்கில வாசிப்புத் தாளில் கோட்டை விட்டவள். இந்தத் தடவையும் போனால் வயது வரம்பு தாண்டிவிடும்.

ஆங்கிலம் தெரியாமல் இல்லை. நேரம்தான் போதவில்லை.

மார்ச் 6, வியாழன்

பழைய தாளைப் பார்த்தேன். தலையிலேயே போட்டிருக்கிறது: ‘ஸ்கிம்’ செய்து விடையளிக்கவும். அதாவது சொல்லுக்குச் சொல் படிக்காதே, கண்ணை ஓட்டி விஷயத்தை மட்டும் பிடி. பாலின் மேல் ஆடையை வழித்தெடுப்பதற்கும் அவர்களுக்கு இதே சொல்தான்.

விளக்கினேன். சிரித்தாள்.

“நுனிப்புல் மேயறதுன்னு நாம திட்டுவோமே, அதுக்கா மார்க் போடறாங்க?”

“நான் இத்தனை வருஷமா ரிப்போர்ட்டரா அதுலதானே சோறு சாப்பிடறேன்.”

“அது உங்க செய்தியைப் படிச்சாலே தெரியுது.”

மார்ச் 9, ஞாயிறு

முதல் பயிற்சி. ஒரு தலையங்கத்தைக் கொடுத்தேன். வரிக்கடியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். முடிவுக்கு வந்ததும் திரும்ப முதல் வரிக்குப் போனாள். பிறகு இன்னொரு தடவை.

“என்ன பண்றே?”

“மூணு தடவை பார்க்கணுங்க.”

மருந்தை எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, புட்டியைத் திரும்ப வைக்கும்போது - லேபிளை மூன்று முறை படிப்பது அவர்கள் வழக்கம். தலையங்கத்தை அப்படிப் படித்தவள் உலகத்தில் இவள் ஒருத்திதான். எழுதியவரிடம் சொன்னால் ஆனந்தக் கண்ணீர் விடுவார்.

மார்ச் 12, புதன்

கத்திவிட்டேன். ஒரு வார்த்தையை விடுடின்னா விடமாட்டேங்கிறாளே, நான் என்னதான் பண்றது?

“மருந்து அளவுல ஒரு புள்ளியை விட்டா ஒரு குழந்தை உயிரு போயிடும். விடறதுக்கு என் கண்ணு பழகலைங்க.”

நியாயம்தான். நான் ஒரு வரியை விட்டால் மறுநாள் திருத்தம் போட்டுக்கொள்ளலாம்.

மார்ச் 13, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. டீ மட்டும் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

சாப்பிடும்போது மகள் கேட்டாள், “டூட்டி எப்படிம்மா?”

“உள்ள நுழையும்போதே தெரிஞ்சுது, ஜன்னலோரக் கட்டில்தான் இன்னைக்குப் படுத்தப் போகுதுன்னு.”

“அதுக்குள்ள எல்லார் சார்ட்டையும் படிச்சியா?”

“சார்ட் அப்புறம்டி. வாசல்ல நின்னு ஒரு பார்வை. யாரு தூங்கறா, யாரு அழறா, எந்த அம்மா பதறிப்போய் நிக்கறா. அவ்வளவுதான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் பத்திரிகையை எடுத்துவந்தேன்.

“இதான் வார்டு. ஒவ்வொரு பத்தியும் ஒரு கட்டில். உள்ள போகாதே. வாசல்லயே நின்னு, எது அழுதுன்னு மட்டும் சொல்லு.”

பார்த்தாள். விரல் மடியிலேயே இருந்தது.

“நாலாவது. அங்கதான் பாலம் விரிசல் விட்டிருக்கு. மத்ததெல்லாம் தூங்குதுங்க.”

சரியான விடை. மகள் தட்டில் தாளம் போட்டாள். அதட்டுவதற்கு ஆள் இல்லை.

மார்ச் 19, புதன்

இன்று இரண்டு தாள். இரண்டிலும் நேரம் மீந்தது.

மார்ச் 22, சனி

தேர்வு மையத்துக்கு வெளியே நின்றிருந்தேன். பேனாவைப் பைக்குள் போட்டபடி வந்தாள்.

“முடிச்சியா?”

“முன்னாடியே முடிச்சிட்டேன். சும்மா உட்கார முடியலைங்க. விடையை எல்லாம் மூணு தடவை பார்த்துட்டேன்.”

வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று என் பெரிய கட்டுரை வந்திருக்கிறது. இரண்டு மாத உழைப்பு. நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்து வைத்தாள்.

“படிச்சாச்சு.”

“அதுக்குள்ளயா?”

“கடைசிக்கு முந்தின பத்திதாங்க அழுது. மத்ததெல்லாம் நல்லா தூங்குது.”

மறுப்பதற்கில்லை.

புதுச் சீருடைக்கு மேட்ரன் அளவு கேட்டதாக மகள் சொல்கிறாள். இது உறுதிப்படுத்தப்படாத செய்தி. முடிவு இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பலகையில் ஒட்டுவார்கள்.