என் அடுப்படியில் பேசிய வசனம்

மே 3, 2023

நேற்றிலிருந்து அமெரிக்காவில் கதை எழுதுகிறவர்கள் வேலைநிறுத்தம். நிறுத்தம் எல்லைக்கு அந்தப் பக்கம், அடி விழுவது இங்கே கனடாவில், ஹாமில்டனில். பக்கத்து வீட்டு வெஸ்னா படப்பிடிப்புக்குத் தச்சுவேலை செய்கிறவள். அவள் தொடர் இன்று நின்றுவிட்டது. என் வீட்டை வாடகைக்கு வாங்கி எடுக்கும் அமெரிக்கத் தொடர் மட்டும் நிற்காதாம். கதையெல்லாம் ஏப்ரலிலேயே எழுதி முடித்தாயிற்றாம். அதில் நடிகைகளுக்குத் தலைசீவி விடும் என் மகள் பிலோமினாவுக்கு நிம்மதி.

பாட்டியை எங்கள் இத்தாலிய வழக்கில் 'நோன்னா' என்று கூப்பிடும் அவள் பிள்ளை தாரியோவுக்குத்தான் வேலை இல்லை. அமெரிக்கக்காரர்களுக்கு எழுதக் கூடாதென்று இங்குள்ள சங்கமும் சொல்லிவிட்டது. "அவங்க தெருவுல நிக்கும்போது நான் எழுதுவேனா, நோன்னா?" என்றான். அப்படியே அவன் தாத்தா. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், என் பேரன் எழுத்தாளன். மாதா கோயிலில் யாரிடம் சொல்லாமல் விட்டேன்?

மே 21

தாரியோ கல்லறைக்கு அழைத்துப்போனான். என் புருஷன் நுன்சியோவின் கல்லைத் துடைத்துக்கொண்டே, "உன் பல்செட்டை இன்னும் தூக்கிப் போடல. உன் வாயில இருந்தப்ப ஓயவே இல்ல. இப்பதான் டம்ளர்ல கிடந்து நான் சொல்றதைக் கேக்குது" என்றேன். தாரியோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அங்கே நாங்கள் இரண்டு பேர்தான்.

மே 30

வெஸ்னா வண்டியை விற்றுவிட்டாள். "எழுதறவங்க கேக்கறது நியாயம்தானே. ரொம்பப் பசிச்சா உங்க வீட்டுல வந்து உக்காந்துக்கிறேன்" என்கிறாள்.

ஜூன் 14

என் சமையலறையில் படப்பிடிப்பு. வழக்கம்போல வாசலில் அமெரிக்கக் கொடி கட்டி வீட்டை நியூ ஜெர்சி ஆக்கிவிட்டார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். பாட்டியாக நடிக்கிறவள், செத்துப்போன கணவன் படத்தைத் துடைத்தபடி பேசினாள். பல்செட். டம்ளர். நான் சொல்றதைக் கேக்குது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

மே மாதம் நான் கல்லறையில் சொன்னது, ஏப்ரலில் எழுதி முடித்த கதைக்குள் எப்படி வந்தது?

பிலோமினா சீப்போடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போ — இவளுக்கும் தெரியும்.

ஜூன் 15

தாரியோவுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். மறைக்கவில்லை.

"என் பேர் வராது நோன்னா, யாருக்கும் தெரியாது. நான் எழுதலேன்னா வேற எவனாவது எழுதுவான். அம்மா வேலையும் போயிருக்கும்."

"உன் தாத்தா வேலைநிறுத்தத்துல இரும்பாலை வாசல்ல மாசக்கணக்கா நின்னாரு. உள்ள போனவனும் இதையேதான் சொன்னான்."

"அது அந்தக் காலம்."

அவன் எழுதினது ஒரு பக்கம். என் புருஷன்கிட்ட நான் பேசினதை எடுத்தா கொடுப்பான்? பக்கத்துல நின்னு சிரிச்சானே, பாவி.

ஜூன் 16

இனி வீடு கிடையாது என்று கம்பெனிப் பெண்ணிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்றாள். முட்டிவலி என்றேன்.

பிலோமினா கத்தினாள். "உன் வீம்புக்கு என் சோத்துலயா மண்ணு?"

ஜூன் 25

"கொடியைக் காணோமே, அசுந்தாக்கா?" என்றாள் வெஸ்னா. வாய் வரை வந்தது. சொன்னால் எந்தச் சங்கமும் அவனைச் சேர்க்காது. அவன் எழுத்துப் பிழைப்பு அதோடு போச்சு. பெற்றவளுக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்?

சொல்லவில்லை.

ஜூலை 14

நடிகர்களும் வேலைநிறுத்தம். எல்லாம் நின்றது. பிலோமினா வீட்டில்தான். சூப் வைக்கிறேன், சாப்பிடுகிறாள். பேச்சில்லை.

அக்டோபர் 8

எழுதுகிறவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு போன மாதமே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நடிகர்கள் திரும்பவில்லை, அதனால் வெஸ்னாவுக்கு இன்னும் வேலை இல்லை. தாரியோவை அந்தக் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கூப்பிட்டிருக்கிறது, இந்த முறை பேரோடு. கோயிலில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

சாயங்காலம் வெஸ்னா வால்நட் கேக் செய்து எடுத்துவந்தாள். "நம்ம தெருப் பையன். அதுவும் எழுதறவங்க ஜெயிச்ச நேரம் பாத்து. உங்களுக்குப் பெருமையா இருக்குமே."

"ம்" என்றேன்.

பெரிய துண்டாக வெட்டி என் தட்டில் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முழுவதும் சாப்பிட்டேன்.