பிரேக் டவுன் ஆனால் எங்கே இறங்குவது?

மார்ச் 3, திங்கள்

செலக்‌ஷன் ஆகிவிட்டது! போக்குவரத்து ஊழியர்களுக்கான கேரம் போட்டி, பெண்கள் இரட்டையர் பிரிவில் நானும் அம்புஜம் அக்காவும். டிப்போ கேன்டீனில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். போட்டி குவாஹாட்டியில். ரயிலில் போய்வர லீவு போதாது, விமானம்தான் என்று விளையாட்டுச் செயலாளர் ரவிக்குமார் சொன்னதும் பல் உள்ளே போய்விட்டது.

போன வருடமும் இப்படித்தான். விமானம் என்றதும் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். ஜோடி இல்லாமல் அக்காவும் போக முடியவில்லை. உண்மை இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும். இந்த முறையும் போகாவிட்டால் இனி ஷில்பா, சௌம்யா ஜோடிதான் என்று ரவிக்குமார் கறாராகச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது. இன்னொரு தரம் அவரை உட்கார வைத்தால் நான் மனுஷியே இல்லை.

மார்ச் 6, வியாழன்

பதினாலு வருடமாகக் கண்டக்டர். கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு, "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கூட்டத்தை முன்னால் தள்ளிக்கொண்டே டிக்கெட் கொடுப்பவள் நான். வண்டி ஓடுவதில் எனக்கென்ன பயம்? நின்றுபோனால்தான் பயம். பொம்மனஹள்ளியில் வண்டி மக்கர் பண்ணினால் எல்லோரையும் இறக்கி, பின்னால் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். மேலே பிரேக் டவுன் ஆனால் எங்கே இறங்குவது? பின்னால் என்ன வரும்?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அதெல்லாம் பைலட் பாத்துப்பாரு. நீ கம்முனு குந்திகினு போ" என்றார். முனிராஜுக்கு என்ன, அவர் ஆட்டோவின் மூன்று சக்கரமும் தரையிலேயே இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

பயிற்சி! மல்லேஸ்வரம் பக்கத்து மாலில் கண்ணாடி லிஃப்ட் இருக்கிறது. மேலே போகும்போது கீழே பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு தடவை கண்ணை மூடிக்கொண்டேன் (செல்லாது). மூன்றாவது தடவை ஒரு கண். ஏழாவது தடவை இரண்டு கண்ணும்! கீழே ஜூஸ் கடைக்காரனின் சொட்டைத் தலை வரை தெரிந்தது. இறங்கினால் செக்யூரிட்டி நிற்கிறான். "ஏனு மேடம், யாரையாவது தேடுறீங்களா?" குவாஹாட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

கேரம் பிராக்டிஸில் நினைப்பெல்லாம் விமானத்தில்; கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சிவப்புக் காயைக் கோட்டைவிட்டேன். அக்கா திட்டவில்லை. "சாப்ட்டியா தனம்?" என்று மட்டும் கேட்டார். சொல்லிவிடலாமா? சொன்னால் முகத்தில் முழிப்பாரா?

மார்ச் 18, செவ்வாய்

நாளைக்குப் பயணம். காலையிலிருந்து நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். காய்ச்சல் வருகிற வழியாகத் தெரியவில்லை.

மார்ச் 19, புதன். குவாஹாட்டி

நான் — தனக்கோடி — ஒக்கலிபுரத்துக்காரி — பறந்தேன்!

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் குழறிவிடும்.

ஏர்போர்ட்டில் என் பையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். உள்ளே கேரம் பவுடர். அடுத்தவர் பவுடரில் எனக்குக் காய் ஓடாது என்று கால் கிலோவைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். பேரில்லாத கவர், வெள்ளைப் பொடி! செக்கிங்கில் இருந்த அம்மா அதைத் தூக்கிப் பிடித்து இந்தியில் என்னவோ கேட்க, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. ஸ்ட்ரைக்கரை எடுத்து அவர்கள் டிரேயிலேயே ஒரு சுண்டு சுண்டினேன். மூலையில் போய் டொக்கென்று நின்றது. அவர் சிரித்துவிட்டார். பொடியைச் சோதித்துத் திருப்பிக் கொடுக்கும்போது "ஜீத் கே ஆனா" என்றார். ஜெயித்துவிட்டு வா என்று அர்த்தமாம். இந்தக் களேபரத்தில் பயப்படவே மறந்துவிட்டேன்.

சீட்டில் உட்கார்ந்ததும் ஞாபகம் வந்துவிட்டது. பெல்ட்டை இறுக்கினேன், இன்னும் இறுக்கினேன். அப்போதுதான் அந்த ஏர்ஹோஸ்டஸ் பெண்ணைப் பார்த்தேன். கையில் குட்டி மிஷின். நடந்துகொண்டே டிக் டிக்கென்று தலைகளை எண்ணுகிறாள்! பாதியில் ஒருவர் எழுந்து பையைக் குடைய, கணக்கு விட்டுப்போய் உதட்டைச் சுழித்துக்கொண்டு முன்னாலிருந்து திரும்ப எண்ணினாள். அடிப்பாவி, நம்ம ஆளு! இந்த வண்டியிலும் ஒரு கண்டக்டர் இருக்கிறாள் என்றதும் பாதி உயிர் திரும்பி வந்தது.

வந்த பாதியும், வண்டி ஓட ஆரம்பித்ததும் போய்விட்டது. செத்தாலும் பொய்யோடு சாகக்கூடாது என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, போன வருஷம் எனக்குக் காய்ச்சலே இல்லக்கா. பயம்."

அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும்டி."

"தெரியுமா!"

"நீ வரலன்னு ரவிக்குமார் சொன்னாரு பாரு, நேரா போய் மாரியாத்தாவுக்குக் கற்பூரம் ஏத்துனேன். எனக்கும் பயம்டி."

"அப்போ இந்தத் தபா ஏன்க்கா வந்தீங்க?"

"நீ வரேன்னுட்டியே! உன்னால நான் கெட்டேன்."

"நானே உங்களுக்காகத்தான்க்கா வந்தேன்!"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஒரு வருடம்! ஒரு வருடமாக அந்தப் பொய்யை மென்று முழுங்கிக்கொண்டிருந்தேனே! வந்த சிரிப்பில் இருவருக்கும் கண்ணீர் வழிந்தது. எண்ணுகிற பெண் தன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். வண்டி எப்போது தரையை விட்டது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பார்த்தால் கீழே மேகம்.

மார்ச் 22, சனி

அரையிறுதியில் தோற்றோம். மூன்றாம் இடம், வெண்கலப் பதக்கம். அக்கா சாப்பாட்டுக்குக்கூட அதைக் கழற்றவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

டூட்டியில் சேர்ந்தாயிற்று. டிப்போவில் எங்கள் இருவருக்கும் மாலை, கேன்டீனில் எல்லோருக்கும் வடை. விமானத்தில் நாங்கள் பயந்த கதையை அக்காவே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். ரவிக்குமார் பெருமையாகப் பேசிவிட்டுக் கடைசியில், "அடுத்த வருஷம் போட்டி மைசூர்லம்மா. பயப்படாதீங்க, நம்ம பஸ்லயே போய்ட்டு வந்துரலாம்" என்றார்.

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பஸ்ஸில் போனால் கீழே மேகம் ஏது? வடையைச் சாப்பிடப் பிடிக்கவில்லை.