மணல் மூட்டைக்குப் பதிலாக நான்

புரோத்ராபூர்,
அக்டோபர் 11

அன்பு மகள் சங்கவிக்கு,

ஜூன் மாதம் நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட் வாசலில் பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, "அம்மா ஓட்டுற படகுல நீங்க ஏறுவீங்களாப்பா?" என்று கேட்டாய். வரிசை நகருகிறது போ போ என்று உன்னை உள்ளே தள்ளிவிட்டேன். முப்பத்து நான்கு வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைத்தவன் பதில் சொல்லாமல் நழுவியது அன்றைக்குத்தான். பதில் போன திங்கட்கிழமை கிடைத்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, உன் அம்மாவுக்கு எதுவும் அடங்கவில்லை, மற்றபடி இருவரும் நலம். ஹோபார்ட்டில் குளிர் விட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு காதை மூடாமல் படகு கட்டும் யார்டுக்குப் போகாதே. இதைக் கையால் எழுதி, மெக்கானிக் ஹாதியின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். என் போனை உன் அம்மா தினமும் பரிசோதிக்கிறாள், நான் ஏதோ ரகசியம் வைத்திருப்பேன் என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் போகவில்லை.

நீ பார்த்தபோது படகு உன் பழனிசாமி மாமாவின் சிமெண்டு கொட்டகையில் இன்ஜின் இல்லாமல், இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை ஒரு மேசையால் சேர்த்துக் கட்டிய மாதிரி கிடந்தது. அதற்குப் பிறகு உன் அம்மாவும் மெக்கானிக் அப்துல் ஹாதியும் சேர்ந்து அதைப் படுத்திய பாடு சொல்லி முடியாது. ஹாதி என்னிடம் அறிவியலில் முப்பத்தைந்து மார்க் வாங்கியவன், அந்த மார்க்கை இப்போது திருத்தலாம் என்றால் திருத்திவிடுவேன். பின்பலகையை அறுத்து எடுத்துவிட்டுப் புதிதாக ஃபைபர் போட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். பழைய நூற்றுப் பதினைந்து குதிரைச் சக்தி இன்ஜின்கள் இருந்த இடத்தில் இருநூறு இருநூறாக இரண்டு, அதுவும் ஒரு சாண் உயர்த்தி. பெட்ரோல் டேங்குகளை இரண்டடி பின்னுக்குத் தள்ளினார்கள், மூக்கு லேசாக வேண்டுமாம். படகின் இரண்டு அடிப்பாகங்களுக்கும் நடுவில் உள்ள சுரங்கத்தில் காற்று புகுந்து படகைத் தூக்கும் என்று நீ எனக்குப் படம் போட்டுச் சொன்னாய் அல்லவா, சைக்கிளில் இறக்கத்தில் போகிறவனின் வேட்டிக்குள் காற்று புகுவதை நினைத்துக்கொண்டேன், உடனே புரிந்துவிட்டது. அவனுக்கு அது மானக்கேடு, படகுக்கு அதுதான் வேகம். கப்பல் டிக்கெட் கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, "டிக்கெட் கதம், கல் ஆனா" என்று தீவு ஜனங்கள் எல்லோரையும் நாளை வரச் சொன்ன உன் அம்மா, ஓய்வு பெற்ற பிறகு எதையும் நாளைக்கு விடுவதில்லை. அந்த அவசரத்தில்தான் கொட்டகையைக் காலி செய்யச் சொன்ன தம்பியிடம், தீபாவளிக்குள் பயணிகளை ஏற்ற அனுமதி தரும் அரசாங்க சர்வே பாஸாகவில்லை என்றால் படகை நீயே எடுத்துக்கொள், தோசைக்கல் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டாள். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். இன்ஜினைக் கழற்றிவிட்டுக் கரையோரம் நங்கூரம் போட்டு மிதக்கும் பரோட்டா கடை வைக்கப் போவதாகப் பெயர்ப் பலகைக்கே ஆர்டர் கொடுத்துவிட்டான்.

சர்வே இந்த ஆறாம் தேதி என்று சொல்லியிருந்தார்கள். முதல் தேதி ஆயுத பூஜை. படகு கொட்டகையில் நின்றதால் யாராவது இடித்துவிடக் கூடாது என்று ஹாதி இரண்டு ப்ரொப்பெல்லர்களையும் கழற்றி வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு இன்ஜின் வேலையாகத் தெற்கே, கப்பலில் போகவேண்டிய கேம்பல் பே போயிருந்தான். வீட்டில் இருக்கிற ஆயுதம் எல்லாம் பூஜைக்கு வரவேண்டும் அல்லவா, என் சிவப்பு மசிப் பேனா, மிக்ஸி, தேங்காய்த் துருவி, நடுவில் இந்த இரண்டு ப்ரொப்பெல்லர்கள். ஒன்றில் சிவப்புப் பெயிண்டும் இன்னொன்றில் பச்சைப் பெயிண்டும் ஒட்டியிருந்தது. ஹாதியின் கையில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும், அதுதான் இது என்று நினைத்து, புளியும் சாம்பலும் போட்டு அரைமணி நேரம் தேய்த்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டினேன். எது இடது, எது வலது என்பதற்கு ஹாதி வைத்த அடையாளம் அது என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு இன்ஜினும் ஒரே பக்கம் சுற்றினால் படகு ஒரு பக்கம் இழுக்கும் என்பதால் ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் சுற்றும், அதற்குத் தக்கபடி ப்ரொப்பெல்லரும் மாறும், இது உனக்குப் பாலபாடம். கடல் சரியில்லாமல் கப்பல் தாமதமாகி ஹாதி வந்து சேரவில்லை. நீங்களே மாட்டிருங்க சார், பெயிண்ட் பார்த்து மாட்டுங்க என்று சொல்ல அவன் எத்தனையோ முறை கூப்பிட்டிருக்கிறான், அங்கே சிக்னல் கிடைத்தால்தானே. உன் அம்மா ஓடியாடி மணல் மூட்டை ஏற்பாடு செய்துகொண்டிருந்தாள். நான் தனியாக உட்கார்ந்து, கூடத்துச் சீலிங் ஃபேனை ஓடவிட்டு நிறுத்தி, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காகிதத்தில் படம் போட்டு, தீர யோசித்து மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருந்தால் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை ஜங்லிகாட் ஜெட்டியில் படகை இறக்கினோம். சர்வேயர் வங்காளத்துக்காரர், மெல்லிய ஆள், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார். பன்னிரண்டு பயணிகளுக்குப் பதிலாக முப்பத்தாறு மணல் மூட்டை, இருபத்தைந்து கிலோ மூட்டை மூன்றுக்கு ஒரு ஆள் கணக்கு. பழனிசாமி மாமா கொடுத்த பழைய சிமெண்டு சாக்கில் மூன்று, தூக்கும்போதே கிழிந்து கொட்டிவிட்டது. சர்வேயர் எண்ணிப் பார்த்து, "ஏக் ஆத்மி கம் ஹை" என்றார், ஒரு ஆள் குறைகிறதாம். உன் அம்மா திரும்பி, காய்கறிக் கடையில் பூசணிக்காயைப் பார்ப்பது போல என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் எடை எழுபத்தாறு கிலோ. இப்படித்தான் சங்கவி, நான் ஏறினேன். தைரியம் வந்து ஏறினேன் என்று எங்கும் சொல்லிவிடாதே, முப்பத்து நான்காவது, முப்பத்தைந்தாவது, முப்பத்தாறாவது மூட்டையாக ஏறினேன்.

அவள் லீவரை முன்னால் தள்ளினாள். படகு பின்னால் போனது. நிதானமாக, மரியாதையாகப் பின்னால் போய்ச் சேற்று மேட்டில் உட்கார்ந்துவிட்டது. ஜெட்டியில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த உன் மாமா, "அக்கா, பரோட்டா கடைக்கு இடம் பாக்குறியா?" என்று கேட்டான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. சர்வேயரிடம், ரிவர்ஸ் டெஸ்ட் முடிந்தது எழுதிக்கொள்ளுங்கள் சாப் என்று ஹிந்தியில் சொன்னாள். அவர் எழுதாமல் பேனாவை மூடினார். ப்ரொப்பெல்லரை இடம் மாற்றி மாட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். எழுந்து நின்று, இல்லை சாப், நான் மாட்டினேன், புளி போட்டுத் தேய்த்ததும் நான்தான், சீலிங் ஃபேன் பார்த்து முடிவு செய்தேன் என்று முழுவதையும் ஒப்பித்தேன். அவள் என் பக்கம் திரும்பி, "புளி வேறயா?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இருபது வருஷ சர்வீஸில் இப்படி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஃபேன் பார்த்து மாட்டியவரை இப்போதுதான் பார்க்கிறேன் மாஸ்டர்ஜி என்றார் சர்வேயர். ஆனால் அடுத்த தேதி தீபாவளிக்குப் பிறகுதான் என்றும் சொன்னார். உன் அம்மா கெஞ்சவில்லை, ஒரு டீ குடிக்கிற நேரம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டாள். அவர் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, சரி, டீ முடிந்ததும் நான் கிளம்பிவிடுவேன் என்றார்.

இன்ஜின்களைத் தூக்கிவிட்டு, சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். நான் மேலே குப்புறப் படுத்துக்கொண்டு ஸ்பேனரும் காட்டர் பின்களும் எடுத்துக் கொடுத்தேன். அறுபது வயதில் அவள் நட்டைக் கழற்றுகிற வேகத்தைப் பார்த்திருந்தால் உங்கள் யார்டில் உடனே வேலை கொடுத்திருப்பார்கள். சர்வேயரும் குனிந்து பார்த்து எனக்குப் பாடம் நடத்தினார். ப்ரொப்பெல்லரைத் தரையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், இறக்கையின் வலப்பக்கம் உயர்ந்திருந்தால் வலம் சுற்றுவது, இடப்பக்கம் உயர்ந்திருந்தால் இடம் சுற்றுவது, அவ்வளவுதான். சீலிங் ஃபேனுக்கு அதில் வேலையே இல்லை. ஒரு விஷயம் உனக்கு மட்டும் சொல்கிறேன், டீ வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. உன் மாமா டீக்கடைக்குப் போய், புதுப் பால் வாங்கி, இஞ்சி தட்டி, நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறான். ஏன்டா என்று பிறகு கேட்டேன். "படகு வேணும்தான் மாமா, ஆனா அக்கா தண்ணிக்குள்ள நிக்குது" என்றான். பெயர்ப் பலகை ஆர்டரை மட்டும் இன்னும் ரத்து செய்யவில்லை.

பிறகு படகைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டு ஏறி ஓட்டினாள். முப்பத்தேழு நாட், தரையில் என்றால் மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர், மணல் மூட்டையோடும் என்னோடும். திருப்பத்தில் இந்தப் படகு உள்பக்கம் சாயாது, பெரார்கஞ்ச் பஸ் வளைவில் நம்மைத் தள்ளுகிற மாதிரி வெளிப்பக்கமே தள்ளியது, நான் ஒரு மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், சர்வேயர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது எதிர் அலையில் ஏறி இறங்கியதும் படகு தும்மியது. நீ சொல்வாயே, சுரங்கத்துக்குள் அடைபட்ட காற்று முன்வாய் வழியாகத் தண்ணீரை வாரி இறைக்கும் என்று, அதேதான். ஒன்று இரண்டு அல்ல, ஜலதோஷம் பிடித்த பிள்ளை மாதிரி அடுத்தடுத்து. சர்வேயரும் ஃபைலும் தொப்பலாக நனைந்தார்கள். கரைக்கு வந்ததும் காகிதங்களை இன்ஜின் மூடி மேல் காயவைத்துக்கொண்டே சொன்னார், ஓட்டுகிறவர் பாஸ், இன்ஜின் பாஸ், இந்தத் தும்மலை ஒரு மாதத்துக்குள் நிறுத்திக் காட்டினால் சர்டிபிகேட், இல்லாவிட்டால் இல்லை. உன் மாமாவும் பெரிய மனது பண்ணிக் கெடுவை அதுவரை தள்ளிவைத்திருக்கிறான்.

இப்போது விஷயம் உன்னிடம் வந்து நிற்கிறது. ஹாதி கப்பல் பிடித்து வந்துவிட்டான், சுரங்கத்தின் வாயில் ஏதோ தடுப்பு வைக்கவேண்டும் என்று அவனுக்குத் தெரிகிறது, எவ்வளவு நீளம், என்ன சாய்வு என்பது தெரியவில்லை. நீ தினமும் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிற வேலை அது. உன் அம்மா கேட்க மாட்டாள். மார்ச்சில் அவள் படகைப் பற்றிக் கேட்டபோது நீ பதினான்கு பக்கக் கணக்கு அனுப்பிவிட்டு, இதெல்லாம் வீட்டில் செய்கிற வேலையில்லை, வித்துடும்மா என்றாய். அதற்குப் பிறகு அவள் உன்னிடம் சாப்பிட்டாயா என்பதைத் தவிர எதுவும் கேட்டதில்லை, கவனித்தாயா? உன் கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். சரியான விடையைக்கூடப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும், அதை நான் கற்றுக்கொள்ளவே பதினைந்து வருஷம் ஆனது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சர்வேயர் போனபின் மூட்டைகளை இறக்கினோம், அவள் படகை அந்தப் பக்கத்துத் துறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, நீங்க இறங்கிக்குங்க, ஆட்டோவில் வாங்க என்றாள். எடைக்கு யாரும் தேவைப்படவில்லை. நான் இறங்கவில்லை.

நோய் நொடி இல்லாமல், கை விரல் பத்தும் பத்திரமாக இருந்து, நீ செய்கிற படகெல்லாம் நேராக ஓடட்டும். மின்ரம்பத்துக்குப் பக்கத்தில் துப்பட்டா போடாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் செய், எவ்வளவு வேகம் போனது என்று கேள், அதற்குப் பிறகு அவளாகத் தும்மலைப் பற்றிப் பேசும்வரை நீ வாயைத் திறக்காதே.

உன் அப்பா,
செந்தமிழன்