முந்நூற்றுப் பன்னிரண்டு கதவுகள்

மார்ச் 4, செவ்வாய்

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் வண்டியில் ஆறு பெட்டிகள் வருகின்றன. பக்கத்தில் இருந்துகொண்டு இதென்ன கடுதாசி என்று சிரிக்காதீர்கள். போனைத் திறந்தாலே, "என் ஆப்பு எப்போ வரும்?" என்று நூறு பேர் நிற்கிறார்கள். அதான் கடுதாசி.

இணையத்தில் நிதி கேட்டபோது இருநூறு பேர் வந்தால் போதும் என்று இருந்தேன். வந்தது ஆயிரத்து நாற்பது பேர். தனியாக இருப்பவர்கள் தூங்கப்போகும் முன் கதவுக்கடியில் செருகிக்கொள்ளும் சின்ன ஆப்பு. வெளியிலிருந்து யாராவது தள்ளினால் ஊரே எழும்படி கத்தும். அவ்வளவுதான். என் பழைய வாடகை அறையில் யாரோ கதவுப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பணம் போட்ட ஆயிரம் பேரிடமும் அப்படி ஒரு கதை இருக்கும்போல. எல்லாரும் வெற்றி என்று கைகுலுக்குகிறார்கள். நானோ பட்டறையிலேயே படுத்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

பட்டியலில் உள்ள எண்ணைப் பொட்டலத்தின் மேல் எழுதுங்கள். உள்ளே ஆப்பு, நன்றி அட்டை. இரண்டு கேட்டவர்களைப் பச்சை மையில் குறித்திருக்கிறேன். ஒன்றுகூட ஊமையாகப் போய்விடக் கூடாது அண்ணி. என் மானம் உங்கள் கையில்.

உங்கள் தொல்லை பிடித்த நாத்தனார்


மார்ச் 8, சனி

என் அருமை வாயாடிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை என்று உன் அண்ணன் கோள் சொன்னார். கடுதாசி எழுத நேரமிருக்கிறது, சாப்பிட நேரமில்லையா?

முன்னறையில் கால் வைக்க இடமில்லை. உன் அண்ணன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் தங்கச்சி ஆயிரம் பேருக்கு ஆப்பு வெக்கிறா, என் வீட்டுக்காரி அதைப் பொட்டலம் கட்டித் தர்றா" என்று சொல்லிச் சிரிக்கிறார். உன் பட்டியலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒருவர் மூன்று முறை முகவரி மாற்றியிருக்கிறார். இன்னொருவர், "வாசலில் பெரிய நாய் இருக்கும், கவனம்" என்று குறிப்பு எழுதியிருக்கிறார். இவருக்கு எதற்கடி ஆப்பு?

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் சமையலைத் தவிர ஒரு வேலையை என்னை நம்பிக் கொடுத்தவள் நீதான். ஊமையாக ஒன்றும் போகாது, அதற்கு நான் பொறுப்பு. மேல்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் முறைக்கிறார். ஏனென்று கேட்காதே.

அன்புடன்
அண்ணி


மார்ச் 25, செவ்வாய்

அண்ணி,

நலம் விசாரிக்கக்கூடத் தெம்பில்லை.

ஒரு நர்ஸ் எழுதியிருக்கிறார். இரவு வேலை, பகலில் தூக்கம். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு எவனோ அவர் கதவின் பூட்டை நெம்பித் தள்ளியிருக்கிறான். ஆப்பு கத்தவில்லை. கதவு தரையில் உரசிய சத்தத்தில் விழித்து, இரண்டு கையாலும் கதவை முட்டுக்கொடுத்து, அவரே கத்தியிருக்கிறார். அவன் ஓடிவிட்டான். அட்டையில் சொன்னபடி பேட்டரியை மறைத்திருக்கும் மஞ்சள் நாடாவை உருவிவிட்டுத்தான் ஆப்பை வைத்தாராம். அக்கம்பக்கத்தில் பயப்படுவார்களே என்று கத்தவிட்டுப் பார்க்கவில்லையாம். "அதை நம்பித்தான் தூங்கினேன்" என்று முடித்திருக்கிறார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பட்டறையில் ஐம்பதை எடுத்துச் சோதித்தேன். ஐம்பதும் கத்தின. அங்கே யாராவது, பிள்ளைகள் விளையாட்டாகவாவது, ஆப்பின் மூடியைத் திறந்தார்களா? பயமாக இருக்கிறது அண்ணி. அண்ணனிடம் பதில் கொடுத்தனுப்புங்கள்.

நாத்தனார்


மார்ச் 26, புதன்

அன்புள்ள வாயாடிக்கு,

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதுவே போதும்.

இங்கே யாரும் எதையும் திறக்கவில்லை. பிள்ளைகளை அந்த அறைப் பக்கமே விடுவதில்லை. வந்ததை வந்தபடி கட்டி அனுப்பினேன். நாளெல்லாம் குனிந்து இடுப்பொடிந்தவளைப் பார்த்து நீ இப்படிக் கேட்பாய் என்று நினைக்கவில்லை. பேட்டரி விற்றவனைப் போய்க் கேள்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


மார்ச் 28, வெள்ளி

அண்ணி,

நர்ஸ் தன் ஆப்பை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தேன். பேட்டரியில் குறையில்லை. பேட்டரிக்கும் கம்பிக்கும் நடுவே மஞ்சள் நாடாவில் பாதி மாட்டிக்கொண்டிருந்தது. அந்த நாடா முழுசாக வெளியே வந்தால்தான் மின்சாரம் ஓடும். அவர் உருவியபோது கிழிந்து, மீதி உள்ளேயே தங்கிவிட்டது. இந்த ஊரிலேயே இன்னும் நான்கு பேரிடம் வாங்கிப் பார்த்தேன். இரண்டில் இதே கதை. யாரோ நாடாவை எடுத்துவிட்டு, மறுபடி மடித்துச் செருகியிருக்கிறார்கள்.

நேற்று எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்: "ஆப்பை நம்பித் தூங்காதீர்கள். தவறு என்னுடையது." பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் இன்னும் அதைக் கதவுக்கடியில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஆயிரம் பேரையும் ஒருத்தியாகக் கூப்பிட்டு முடிக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் எத்தனை கதவை யார் தள்ளுவார்களோ?

யார் செய்தது என்று கேட்கமாட்டேன். எந்த எண்கள் என்று மட்டும் சொல்லுங்கள். காலில் விழுந்து கேட்கிறேன்.

நாத்தனார்


மார்ச் 29, சனி

என் கண்ணே,

ஒன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரை. உன் கடிதத்தைப் படித்தவுடன் எண்களைப் போனில் அனுப்பிவிட்டேன். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

நான்தான். ஒன்றுகூட ஊமையாகப் போகக் கூடாது என்றாயே, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாடாவை உருவிக் கத்தவிட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு நாணயத்தால் மூடியை நெம்பி நாடாவைத் திரும்பச் செருகினேன். முந்நூற்றுப் பன்னிரண்டாவதில் என் நகம் பிய்ந்தது, அதோடு நிறுத்தினேன். நல்லவேளை பிய்ந்தது.

நீ மூடியைப் பற்றிக் கேட்டபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. "உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்" என்று உன் அண்ணன் விளையாட்டாகச் சொல்வதை நிஜமாகவே சொல்லிவிடுவாரோ, நீ இனி என் வாசலை மிதிக்கமாட்டாயோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில் மூன்று நாள் பொய்யைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கென்ன, என் வீட்டில் ஆள் இருக்கிறது. அந்த மூன்று நாளில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் அதற்கு நாடா காரணமில்லை, நான்தான்.

அவரிடமும் சொல்லிவிட்டேன். வெளியே போய் வண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அண்ணி


ஏப்ரல் 11, வெள்ளி

அண்ணி,

இரண்டு வாரமாக நான் எழுதாததற்குக் காரணம் கோபம்தான், மறைப்பானேன். சோதித்துப் பார்த்ததற்குக் கோபமில்லை. நாடாவைத் தொடாதீர்கள் என்று சொல்ல மறந்தவள் நான். "யாரும் எதையும் திறக்கவில்லை" என்று எழுதினீர்களே, அதற்குத்தான். அது இன்னும் தணியவில்லை. தணியும்போது தணியட்டும்.

முந்நூற்றுப் பதினோரு பேரைப் பிடித்துவிட்டேன். சிலர் திட்டினார்கள், ஒருவர் போனிலேயே அழுதார், பலர் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. அந்த நர்ஸ் தூக்கத்தை விட்டுவிட்டு வந்து என்னோடு உட்கார்ந்து நாற்பது பேரைக் கூப்பிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மிச்சம் ஒருவர். எண் 147. தையல்கடையில் வேலை செய்யும் பெண், தனியாக இருப்பவர். "கொஞ்சம் சீக்கிரம் அனுப்ப முடியுமா?" என்று இரண்டு முறை கேட்டிருந்தார். பொட்டலத்தை மார்ச் 14ஆம் தேதி கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். போன் அணைந்தே கிடக்கிறது. இன்று அவருடைய கடையைக் கண்டுபிடித்துக் கேட்டேன். பத்து நாளுக்கு மேலாக வேலைக்கு வரவில்லை என்றார்கள். போலீசில் சொன்னேன். "எங்காச்சும் ஊருக்குப் போயிருப்பாங்கம்மா, போய்ப் பாருங்க" என்று போனை வைத்துவிட்டார்கள்.

நாளை காலை பார்க்கப் போகிறேன். இரண்டாவது மாடியாம். கதவு திறந்தால், நடந்ததை நீங்கள் உங்கள் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். திறக்காவிட்டால், அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நிற்க என்னால் முடியாது.

அண்ணன் ஆறு மணிக்கு வண்டியை எடுக்கிறார். ஏறி வந்துவிடுங்கள் அண்ணி.

உங்கள்
நாத்தனார்